ஜார் மன்னரின் சாவுக்குக் கொடுத்த கல்லா இது?

கேள்வி: ஐயா, வணக்கம். என் அப்பா 1970-களில் லெனின்கிராடில் பொறியியல் படித்தவர். போன வருடம் காலமானார். அவர் மேஜையில் எப்போதும் ஒரு கல் இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் நீள்வட்டக் கல்; இளஞ்சிவப்பில் கறுப்புக் கறுப்பாக நரம்பு ஓடும். மேல் பக்கம் இலை வளையம் செதுக்கி, நடுவில் வெள்ளித் தகடு பதித்திருக்கிறது. தகட்டில் ஒரு கிரீடம், ரஷ்ய எழுத்துகள், 1894 என்று ஆண்டு. ஊர் திரும்பும்போது பேராசிரியரின் மனைவி கொடுத்தாராம். ‘ஜார் மன்னன் செத்தப்போ கொடுத்தது’ என்று அப்பா சொல்வார். தெரிந்த நகைக்கடைக்காரர் பார்த்துவிட்டு, ‘ரஷ்ய அரச குடும்பத்துக்கு நகை செய்த ஃபாபெர்ஜே நிறுவனத்தின் சரக்கு, கோடிக்குப் போகும்’ என்கிறார். தம்பி துபாய்க்கு எடுத்துப்போய் விற்கலாம் என்கிறான். அம்மாவோ, சாவு வீட்டுச் சாமான் வீட்டில் இருக்கவே வேண்டாம் என்கிறார். இது உண்மையா? எவ்வளவு பெறும்? சுத்தம் செய்து வைக்கலாமா? ஐந்து படங்கள் இணைத்திருக்கிறேன். (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடிக்கும்வரை அந்தக் கல்லை யாரும் தேய்க்க வேண்டாம். விபூதி, புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். தகடு கறுத்துப்போயிருப்பது படத்தில் தெரிகிறது. பார்த்தால் கை பரபரக்கும். ஆனால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அந்தக் கறுப்புக்குள்தான் இருக்கிறது.

உங்கள் நான்காவது படத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வேறு எதையோ எடுக்கப்போய், தகட்டின் கீழ் விளிம்பு அதில் தெளிவாக விழுந்துவிட்டது. அங்கே அரிசியில் பாதி அளவுக்கு ஒரு முத்திரை. அதில் 84 என்ற எண்ணும், பக்கத்தில் தலையலங்காரம் அணிந்த ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகமும் இருக்கின்றன. முகம் இடப்பக்கம் பார்க்கிறது.

84 என்பது ரஷ்யாவின் பழைய வெள்ளித் தரம். அங்கே தூய வெள்ளியை 96 பங்காகக் கணக்கிட்டார்கள். 96-ல் 84 என்றால், நம் கணக்கில் ஆயிரத்துக்கு 875. நல்ல வெள்ளிதான். அதைவிட முக்கியம் அந்தப் பெண் முகம். ‘கோகோஷ்னிக்’ என்ற ரஷ்யத் தலையணியின் பெயராலேயே அந்த முத்திரையை அழைப்பார்கள். இடப்பக்கம் பார்க்கும் முகம் 1899-லிருந்து 1908 வரை அடிக்கப்பட்டது. அதன்பிறகு முகம் வலப்பக்கம் திரும்பிவிட்டது. 1899-க்கு முன்னால், அன்றைய தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் (உங்கள் அப்பா படித்த லெனின்கிராட்தான்) முத்திரையிட்ட வெள்ளியில் பெண் முகமே கிடையாது. குறுக்காக வைத்த இரண்டு நங்கூரங்களும் ஒரு செங்கோலும் இருக்கும்.

அப்படியானால், தகட்டில் 1894 என்று இருக்கிறது. தகட்டை முத்திரையிட்டது குறைந்தது நான்கு வருடம் கழித்து. உங்கள் அப்பா சொன்னதும் பொய்யில்லை, முத்திரை சொல்வதும் பொய்யில்லை. இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்று சொல்கிறேன்.

தகட்டில் உள்ள வாசகம் இது: ‘பேரரசர் மூன்றாம் அலெக்சாண்டர் நினைவாக. 20 அக்டோபர் 1894.’ அது அவர் இறந்த நாள். கிரிமியாவில் கருங்கடல் ஓரத்து லிவாதியா அரண்மனையில், சிறுநீரக நோயால், 49 வயதில் இறந்தார். அன்றைய ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது; நம் நாட்காட்டிப்படி அது 1894 நவம்பர் 1. தேதி பொருந்தவில்லையே என்று யாராவது இணையத்தில் பார்த்துவிட்டு உங்களைக் குழப்பினால், இந்தப் பன்னிரண்டு நாள் வித்தியாசத்தைச் சொல்லுங்கள். உண்மையில் இது உங்கள் பொருளுக்குச் சாதகம். பின்னாளில் போலி செய்கிறவர்கள் புதிய தேதியைப் போட்டு மாட்டிக்கொள்வதுண்டு.

எழுத்திலும் ஒரு சாதகம் இருக்கிறது. 1918-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு, மெய்யில் முடியும் ரஷ்யச் சொற்களின் கடைசியில் ஒலியே இல்லாத ஒரு குறியைக் கட்டாயம் எழுத வேண்டும். கிட்டத்தட்ட நம் மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி மாதிரி. உங்கள் தகட்டின் முதல் சொல் ‘வ்’ என்ற ஒற்றை எழுத்து. அதற்குப் பக்கத்தில் அந்தக் குறி அடக்கமாக நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் புதிய ரஷ்யன் படித்தவன் பழைய பொருளைப் போலியாகச் செய்தால், இந்த ஒற்றை எழுத்தில்தான் மறப்பான்.

‘வ் பாமியத்’ என்றால் ‘நினைவாக’. பேராசிரியரின் மனைவி சொன்னதும் இந்தச் சொற்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இறந்தவர் பெயர், இறந்த தேதி, ‘நினைவாக’ என்ற சொல் மூன்றும் சேர்ந்து இருபது வயதுப் பையனின் காதில் ‘சாவுக்குக் கொடுத்தது’ என்று விழுந்திருக்கும். நம் வீடுகளில் வருடத் திதிக்குக் கொடுத்ததையும் ‘தாத்தா சாவுக்குக் கொடுத்த தட்டு’ என்று சொல்லிவிடுவதில்லையா, அப்படி.

முத்திரையே இல்லாவிட்டாலும், இது சாவன்று கொடுத்ததுதானா என்ற சந்தேகம் எனக்கு வந்திருக்கும். காரணம் கல். மன்னர் இறந்தது அக்டோபர் 20. உடலைக் கப்பலில் செவஸ்தோபோலுக்கும், அங்கிருந்து ரயிலில் மாஸ்கோ வழியாகத் தலைநகருக்கும் கொண்டுவந்து, பீட்டர்-பால் கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தில் நவம்பர் 7 அன்று அடக்கம் செய்தார்கள். இடையில் பதினெட்டே நாள். ‘செதுக்கிய கல்’ என்று நாம் சொன்னாலும், இந்த மாதிரிக் கடினக் கற்களில் உளி வேலை செய்யாது. சுழலும் சிறு சக்கரத்தில் தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் விட்டு, ஒவ்வொரு இலையாகச் சாணை பிடித்துத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் மெருகு. உங்கள் முதல் படத்தில் இலைகளுக்கு இடையே உள்ள பள்ளங்களின் அடி உருண்டையாக இருப்பதைப் பாருங்கள்; அது சக்கரத்தின் தடம். வார்த்து எடுத்த பிசினாக இருந்தால் அந்த ஓரங்கள் மழுங்கி, ஒரே மாதிரி இருக்கும். இப்படி ஒரு வளையத்தைப் பதினெட்டு நாளில் செய்து அடக்கத்தன்று கையில் கொடுப்பது நடக்கிற காரியமில்லை. அவசரத்துக்கு முடிவது உலோக வில்லை, நாடா, அச்சிட்ட படம் இவைதான். கல் வேலை ஆற அமர, பின்னால் வருவது. அரசே கூட அவர் ஆட்சியின் நினைவாக வெள்ளிப் பதக்கத்தை நிறுவியது 1896-ல்தான்.

கல்லின் பெயர் ரோடோனைட். உரால் மலைக் கல்; எகாதெரின்பர்க் பக்கம் கிடைப்பது. மாங்கனீசு கலந்த கல் என்பதால் இளஞ்சிவப்பு. அந்த மாங்கனீசு துருவேறிய இடமெல்லாம் கறுப்பு நரம்பு. ரஷ்யர்கள் இதை ‘ஓர்லெட்ஸ்’ என்பார்கள், கழுகுக் கல் என்று பொருள். கழுகுகள் கூட்டில் கொண்டுபோய் வைக்கும் கல் என்று அந்த மலை மக்களிடம் ஒரு நம்பிக்கை.

இந்தக் கல்லுக்கும் ரஷ்ய அரச குடும்பத்தின் மரணங்களுக்கும் நிஜமாகவே ஓர் உறவு உண்டு. நான் சொன்ன தேவாலயத்தில் ஜார் மன்னர்களின் கல்லறைகள் வரிசையாக வெள்ளைச் சலவைக்கல்லில் இருக்கும். மூன்றாம் அலெக்சாண்டருடையதும் வெள்ளைதான். அந்த வெள்ளைக்கு நடுவே இரண்டு மட்டும் நிறத்தில் நிற்கும். ஒன்று, 1881-ல் குண்டு வீசிக் கொல்லப்பட்ட இரண்டாம் அலெக்சாண்டருடையது. அல்தாய் மலையின் பச்சை ஜாஸ்பர் கல். மற்றது, அதற்கு முந்தைய வருடம் இறந்த அவர் மனைவி மரியா அலெக்சாந்த்ரோவ்னாவுடையது, இளஞ்சிவப்பு ரோடோனைட். மூன்றாம் அலெக்சாண்டரின் அப்பா, அம்மா இவர்கள். பீட்டர்ஹோஃப் கல் இழைப்புத் தொழிற்சாலையில் 1887-ல் தொடங்கிய அந்த இரண்டு கல்லறைகளின் வேலை 1906-ல்தான் முடிந்தது. பத்தொன்பது வருடம்! கல் வேலைக்கு என்ன பொறுமை வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இதைத் தெரிந்த வியாபாரி யாராவது நாளை உங்களிடம், ‘ராணி கல்லறையில் மிஞ்சிய துண்டில் செய்தது இது’ என்று கதை கட்டலாம். காலம் பொருந்துகிறது, கல்லும் பொருந்துகிறது, கேட்கவும் அழகாக இருக்கிறது. எழுத்தில் ஆதாரம் காட்டாதவரை நீங்கள் அதைத் திருப்பிச் சொல்லாதீர்கள். ஒருமுறை குடும்பமே சொல்ல ஆரம்பித்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அதுதான் உண்மை என்று ஆகிவிடும். அதற்கப்புறம் உங்கள் அப்பா சொன்ன நிஜமான வார்த்தைக்கும் மதிப்பு இருக்காது.

இப்போது ஃபாபெர்ஜே விஷயம். நகைக்கடைக்காரர் வேண்டுமென்றே தவறாகச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ரஷ்யா, பழசு, கல், வெள்ளி என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் ஒரே பெயர் அதுதான். ஆனால் அந்த நாட்டில் பீட்டர்ஹோஃப், எகாதெரின்பர்க், அல்தாயின் கோலிவான் என்று அரசின் கல் இழைப்புத் தொழிற்சாலைகள் இருந்தன. தனிப் பட்டறைகளும் இருந்தன. ஃபாபெர்ஜே வேலை என்றால் உலோகப் பகுதியில் நிறுவனத்தின் பெயரோ, மிகாயில் பெர்ஹின், ஹென்ரிக் விக்ஸ்ட்ரோம் போன்ற தலைமைக் கைவினைஞர்களின் முதலெழுத்தோ இருக்கும். உங்கள் தகட்டில் பெண் முகத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு எழுத்துகள் தெரிகின்றன. அவை இந்த இருவருடையவை அல்ல என்று மட்டும் சொல்ல முடிகிறது.

உலோகமே இல்லாத ஃபாபெர்ஜே கல் பொம்மைகளில் பெரும்பாலும் முத்திரையே இருக்காது. அங்கே எதை வைத்து நம்புவது? ஓர் உதாரணம் சொல்கிறேன், அதுவும் அரச மரணத்தோடு சம்பந்தப்பட்டதுதான். இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்ட் 1910 மே 6 அன்று இறந்தார். சீசர் என்ற அவருடைய வளர்ப்பு நாய், மே 20 அன்று இறுதி ஊர்வலத்தில் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தது. வந்திருந்த அரசர்கள் எல்லாம் அதற்கும் பின்னால்தான் வந்தார்கள். அந்த நாயின் உருவத்தை ஃபாபெர்ஜே நிறுவனம் வெள்ளைக் கால்சிடனி கல்லில் செய்திருந்தது. மாணிக்கக் கண்கள், கழுத்தில் எனாமல் பட்டை, பட்டையில் ‘நான் மன்னருடையவன்’ என்ற வாசகம். மன்னர் இறந்த அதே வருடம் நவம்பரில் கிரெவில் சீமாட்டி அதை வாங்கி, விதவையான அலெக்சாந்த்ரா ராணிக்குக் கொடுத்தார். அந்த ராணி வேறு யாருமில்லை, உங்கள் தகட்டில் பெயர் இருக்கும் மூன்றாம் அலெக்சாண்டருடைய மனைவியின் உடன்பிறந்த அக்கா. இவ்வளவு விவரமாக எப்படிச் சொல்ல முடிகிறது? ஃபாபெர்ஜேயின் லண்டன் கிளையின் விற்பனைப் பேரேடு இன்றும் பத்திரமாக இருக்கிறது. யார், எந்தத் தேதியில் வாங்கினார்கள் என்று அதில் மசியில் எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரி இல்லையென்றால், நேர்த்தியான வெள்ளை நாய் பொம்மை என்பதற்கு மேல் யாராலும் ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

உங்கள் கல்லுக்கு அப்படி ஒரு பேரேடு இல்லை. ஆனால் உங்கள் அம்மா இருக்கிறார். அவரை உட்காரவைத்துக் கேளுங்கள். அந்தப் பேராசிரியரின் பெயர் என்ன, எந்தக் கல்லூரி, மனைவிக்கு அப்போது என்ன வயதிருக்கும் என்று அப்பா சொன்னதுண்டா, அவர்களுடைய அப்பாவோ தாத்தாவோ படையில் அல்லது அரண்மனையில் வேலை பார்த்ததாகப் பேச்சு வந்ததா? அம்மா சொல்வதை அப்படியே, அவர் சொன்ன வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அப்பாவின் பழைய கடிதங்கள், பெட்டி, பல்கலைக்கழகத்துப் புகைப்படங்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். புரட்சிக்கு முந்தைய பொருள்களைச் சோவியத் சுங்கத்தார் லேசில் வெளியே விடமாட்டார்கள். அனுமதிச் சீட்டு ஏதாவது பாஸ்போர்ட்டுக்குள் மடங்கிக் கிடக்கலாம்.

அந்த அம்மையாரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு இன்னொன்றும் மனதில் வருகிறது. லெனின்கிராடை 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை நாஜிப் படை முற்றுகையிட்டிருந்தது. அந்த முதல் குளிர்காலத்தில், வேலைக்குப் போகாதவர்களுக்கு நாளுக்கு 125 கிராம் ரொட்டிதான் பங்கு. வீட்டில் இருந்ததையெல்லாம் கொடுத்து ரொட்டி வாங்கினார்கள். அவர் அப்போது அந்த ஊரில் இருந்தாரா என்று உங்கள் அப்பா சொல்லியிருந்தால், அதையும் மறக்காமல் எழுதிவையுங்கள். ஜார் பெயர் போட்ட பொருளைச் சோவியத் காலம் முழுக்க ஒரு வீட்டில் வைத்திருந்து, கடைசியில் எங்கிருந்தோ வந்த ஒரு மாணவனிடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

அம்மாவின் பயத்துக்கு முத்திரையே பதில் சொல்லிவிட்டது. இது சாவு வீட்டிலிருந்து வந்ததில்லை. மன்னர் போய் நான்கு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு, அவரை மதித்த யாரோ மேஜைமேல் வைத்துக்கொள்ளச் செய்வித்தது. நாம் தாத்தா படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அதற்கு மேலும் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால், கட்டாயப்படுத்தாமல் நீங்கள் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலையைப் படத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். ‘கோடி’ என்ற வார்த்தையை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். ரோடோனைட் ரத்தின விலைக்குப் போகிற கல் இல்லை. தகட்டில் இருக்கும் வெள்ளியும் சொற்பம். இந்தப் பொருளின் விலை வேலைப்பாட்டிலும், முத்திரையிலும், அதோடு வரும் ஆதாரத்திலும்தான் இருக்கிறது. பெரிய ஏல நிறுவனங்கள் படங்களைப் பார்த்து முதல் கருத்தைக் கட்டணமில்லாமல் சொல்வதுண்டு. இரண்டு இடத்திலாவது கேளுங்கள். ‘இரண்டு நாள் விட்டுட்டுப் போங்க’ என்று சொல்லும் எந்தக் கடையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

துபாய்ப் பேச்சை இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாற்றுப் பொருள்களை நம் நாட்டிலிருந்து வெளியே கொண்டுபோவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ரஷ்யப் பொருள்தானே என்று தம்பி சாதாரணமாகப் பெட்டியில் வைத்து எடுத்துப்போய் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால், பொருளும் போகும், அலைச்சலும் மிஞ்சும். இந்தியத் தொல்லியல் துறைக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அப்புறம் முடிவு செய்யட்டும்.

கல் ரோடோனைட்தான் என்று நான் சொல்வது நிறத்தையும் நரம்பையும் பார்த்து. உறுதி செய்ய ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் ராமன் நிறமாலைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கல்லைச் சுரண்டாமல், தகட்டைக் கழற்றாமல், ஒளியைப் பாய்ச்சியே இன்ன கல் என்று சொல்லிவிடலாம். உங்கள் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928-ல் கண்டுபிடித்த விளைவு அது. கத்தியால் கீறிப் பார்க்கிறேன், அமிலம் ஒரு சொட்டு விடுகிறேன் என்று யாராவது சொன்னால் கல்லை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சுத்தம் செய்வது பற்றிக் கடைசியாக. சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் என்னிடம் மாலகைட் மூடி போட்ட சிறு பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. பச்சையில் அலையலையாகக் கோடு ஓடும் கல். விற்பதற்கு முன் பளிச்சென்று இருக்கட்டும் என்று எலுமிச்சை மூடியால் தேய்த்திருந்தார்கள். மாலகைட்டை அமிலம் அரித்துவிடும். தேய்த்த இடமெல்லாம் மெருகு போய், சுண்ணாம்பு பூசியது போல வெளிறிக் கிடந்தது. அவர்கள் முகத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. ரோடோனைட் அந்த அளவுக்கு மென்மையில்லை என்றாலும், அதன் கறுப்பு நரம்புகளிலும் விரிசல்களிலும் என்ன கலந்திருக்கிறது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. தகட்டை எந்தப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள் என்பதும் தெரியாது. அரக்கு வகையாக இருந்தால் வெந்நீரில் இளகிவிடும். நகைக்கடையில் அதிர்வுத் தொட்டியில் போடவும் கூடாது. உலர்ந்த, மென்மையான பருத்தித் துணியால் தூசியை மட்டும் ஒற்றி எடுங்கள். பழைய துணியில் சுற்றி, வேறு எதுவும் உரசாதபடி தனி டப்பாவில் வையுங்கள்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருந்தது. பழைய கல்லில் யாராவது பின்னால் தகடு ஒட்டியிருப்பார்களோ? இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலைகளின் நுனிகள் தகட்டைச் சுற்றிலும் ஒரே இடைவெளி விட்டு நிற்கின்றன. எங்கேயும் ஓர் இலை தகட்டுக்கு அடியில் போகவில்லை. கல்லைச் சாணை பிடித்தவருக்கு அந்தத் தகட்டின் அளவு முன்பே தெரிந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாகப் பிறந்தவைதான் என்று நம்புகிறேன்.

மீதி இருப்பது பெண் முகத்துக்கு அருகே உள்ள எழுத்துகள். முகத்தை ஒட்டியிருப்பவை முத்திரை அதிகாரியின் முதலெழுத்துகள், தள்ளியிருப்பவை செய்தவருடையவை. அவற்றைப் படிக்க முடிந்தால், எந்த ஊர், 1899-க்கும் 1908-க்கும் இடையே எந்தச் சில வருடங்கள் என்பதுவரை நெருங்கிவிடலாம். காலை பத்து மணிவாக்கில், ஜன்னலோரம் வெயில் நேரடியாக விழாத இடத்தில் கல்லை வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். நகைக்கடையில் கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸை ஃபோன் கேமராவின் மேல் ஒட்டிப் பிடித்து, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, அந்த மூலையை மட்டும் பத்துப் பதினைந்து படம் எடுங்கள். ஏதாவது ஒரு சாய்வில் எழுத்து நிழலோடு எழும்பித் தெரியும். அதை எனக்கு அனுப்புங்கள்.